நாலு சக்கரம், நாலு எடை

நம்ம சென்னீர்குப்பத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலைக்குப் போனால் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தடம். 1990 முதல் இருக்கிறது. பந்தய கோ-கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது, சேஸிஸ்தான் எல்லாம்.

டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை நேராக்கி, சமதளத்தில் எடை போடணும். முன்னே இடது 34, வலது 36. பின்னே இடது 46, வலது 44 கிலோ என்று வையுங்கள். இரு பக்கமும் 80, சரியாத்தானே இருக்கு? மூலைக்கு மூலை கூட்டுங்கள்: 78, 82! வலது திருப்பமும் இடது திருப்பமும் ஒரே மாதிரி வராது.

கட்டிலின் ஒரு காலுக்கு அட்டை கொடுத்தால், அதுவும் எதிர்மூலைக் காலும் பாரம் தாங்கும். அதேபோல, முன் இடது ஸ்டப் ஆக்சிலின் கீழ் வாஷரை மேலே மாற்றினால் 78 ஏறும். மறுபடி எடை பாருங்கள்.

ஒரே மாதிரி நாலு பாத்ரூம் எடை மெஷின் போதும். புது டயருக்குக் காசு தேடுமுன் வாஷரை மாற்றிப் பாருங்கள் என்பதே நான் சொல்வது.