உயர்த்திய ஜீப் ஏன் நேராக ஓட மறுக்கிறது

அமெரிக்காவில் பிக்கப் வண்டியோ ஜீப்போ வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர், பெரிய டயர் பொருந்த வேண்டும் என்பதற்காகவும் பாறைத் தடங்களில் அடிப்பாகம் தட்டக் கூடாது என்பதற்காகவும், நீளமான ஸ்பிரிங்குகளை மாட்டி வண்டியைச் சில அங்குலம் உயர்த்திக்கொள்கின்றனர். சிக்கல் தெரியவருவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான்: வண்டி ஒரே பக்கமாக இழுப்பதில்லை, நடுவிலும் நிலைகொள்வதில்லை, ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஓயாமல் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது தன் தடத்திற்குள் ஓடுகிறது. வீல் அலைன்மென்ட் செய்யுமிடத்திற்குக் கொண்டுபோனால் டை ராடைத் திருகி, எண்கள் பச்சையில் அச்சான தாளைக் கொடுத்தனுப்புவதும், வண்டி முன்போலவே அலைபாய்வதும் வழக்கம். அங்கே எளிதில் திருத்த முடிவது சக்கரங்களின் நோக்குதிசையை மட்டுமே. வண்டியை உயர்த்தியதால் இடம் மாறியதோ சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில்.

2007 முதல் 2018 வரை விற்பனையான ஜீப் ராங்ளர் ஜேகே வகையில், இரு முன்சக்கரங்களும் ஒரே தண்டான ஆக்சிலின் இரு முனைகளில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக உள்ள இரண்டு பால் ஜாயின்ட்டுகளைப் பற்றித் திரும்புகிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் மேல்முனை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வுக்குக் கேஸ்டர் என்று பெயர். அக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழுவதால், டயர் எப்போதும் அப்புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. பக்கவாட்டில் விலகினால் தானே நேர்நிலைக்குத் திரும்ப முயல்கிறது. சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதன் பயனும் இத்தகையதே. ஜேகே வகைக்குத் தொழிற்சாலை வைத்த கேஸ்டர் சுமார் 4.2 பாகை; அது குறையக் குறைய ஸ்டீயரிங் இலகுவாகும், ஆனால் நடுநிலை எது என்பதே அதற்கு மறந்துபோகும்.

வண்டியை உயர்த்தினால் கேஸ்டர் குறைவது ஏன் என்பதை டொயோட்டா லேண்ட் குரூஸர் 80 வரிசை, சுஸுகி ஜிம்னி போன்ற வண்டிகளில் எளிதாகக் காணலாம். இவற்றில் பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட கை ஒன்று ஆக்சிலோடு இறுகப் பிணைக்கப்பட்டு, பின்னோக்கிச் சென்று சேஸிஸில் முடிகிறது. சேஸிஸ் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் கையின் பின்முனையும் அவ்வளவு உயர்கிறது. கை ஒரு மீட்டர் நீளம் என்று கொண்டால் அது ஏறத்தாழ 2.9 பாகை சுழலும். கையோடு பிணைந்த ஆக்சிலும் தன் தலையை முன்னோக்கிச் சாய்த்தபடி அதே அளவு சுழலும். மூன்று நான்கு பாகையே மொத்தக் கையிருப்பாக உள்ள இடத்தில் இது பேரிழப்பு. ராங்ளரில் மேலும் கீழும் தனித்தனிக் கைகள் இருப்பதால் இழப்பு இதைவிடக் குறைவு, எனினும் திசை அதுவே.

கேஸ்டரைத் திருத்தும் முன் மூட்டுகளில் ஆட்டம் உள்ளதா என்று தேட வேண்டும். பலரும் தவறவிடும் வேலை இது. சக்கரங்கள் தரையில் ஊன்றி நிற்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சற்றே வேகமாக அசைக்கிறார். மற்றொருவர் வண்டியடியில் படுத்து, மூட்டுகள் ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்துப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரிந்துவிடும். குறிப்பாகக் கவனிக்க வேண்டியது பனார்டு ராட், அதாவது ஆக்சில் இடவலமாக நகராதபடி சேஸிஸோடு பிணைக்கும் குறுக்குக் கம்பி. அதன் போல்ட்டு தளர்ந்த நிலையில் சிலகாலம் ஓடியிருந்தால் துளை வட்ட வடிவம் இழந்து முட்டை வடிவமாகிவிடுகிறது. பிறகு போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. ஸ்டீயரிங் பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்கலாம் என்ற யோசனையையும் சிலர் சொல்வதுண்டு. மிகையாக இறுக்கினால் பெட்டி நடுநிலையில் இறுகி, ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதும் நின்று, அலைச்சல் கூடும்.

பனார்டு ராட் வேறொரு வகையிலும் தொல்லை தருகிறது. 800 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே முதலில் 50 மில்லிமீட்டர் உயர வேறுபாடு இருந்து, வண்டியை உயர்த்தியதால் அது 125 ஆனது என்றால், ஆக்சில் முழுவதும் கம்பியின் சேஸிஸ் முனை உள்ள பக்கமாக 8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நீளத்தை மாற்றக்கூடிய கம்பி ஒன்றை மாட்டி இதைச் சரிசெய்யலாம். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் என்னும் கம்பி இதற்கு இணையாகவும் ஏறத்தாழ ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும் என்பதே இன்றியமையாத விதி. இரண்டும் ஒரே வில்லில் மேலும் கீழும் சென்றால்தான் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது சக்கரங்கள் திரும்பாமல் இருக்கும். கடையில் கிடைக்கிறது என்பதற்காக ஒன்றை மட்டும் தாழ்த்திவிட்டு மற்றதை அப்படியே விட்டால், ஓட்டுநர் கையை அசைக்காதபோதும் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி பக்கவாட்டில் பாயும்.

கேஸ்டரை மீட்க மூன்று வழிகள் உண்டு: கைகளின் முனையில் மையம் விலகிய புஷ்களை அடிப்பது, நீளம் மாற்றக்கூடிய கைகளை மாட்டுவது, சேஸிஸில் கை பொருந்தும் இடத்தையே தாழ்த்தும் பிராக்கெட் போடுவது. எதைச் செய்தாலும் ஆக்சில் முழுவதும் பின்னோக்கிச் சுழல்கிறது. அதனால் டிஃபரன்ஷியலின் பினியன் தலையும் கீழ்நோக்கித் தாழ்ந்து, முன்புற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக்கோணம் கூடி அதிர்வு பிறக்கலாம். ஸ்டீயரிங்குக்கு நல்லது ஷாஃப்ட்டுக்குக் கெடுதலாகும் இம்முரணில், பலர் ஐந்து பாகையை ஒட்டிய அளவில் சமரசம் செய்துகொள்கின்றனர். வண்டியை மிக அதிகமாக உயர்த்தியவர்கள், ஆக்சில் முனைகளின் வெல்டிங்கை அறுத்து, பால் ஜாயின்ட் உள்ள பகுதியை மட்டும் சுழற்றி மீண்டும் வெல்டிங் செய்கின்றனர். அது பட்டறை வேலை, வீட்டு வாசலில் செய்யக்கூடியதன்று. புஷ் போல்ட்டுகளின் இறுதி முறுக்கை வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே கொடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டே கிடந்து விரைவில் கிழியும்.

இவ்வளவும் முடிந்த பிறகே டோ. முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்றே நெருங்கியிருப்பதை இச்சொல் குறிக்கிறது; மொத்தம் 0.2 பாகை என்று வைத்தால், 35 அங்குல டயரில் முன்னளவுக்கும் பின்னளவுக்கும் 3 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். கடைசியாக டிராக் லிங்க்கின் நடுவிலுள்ள திருகு இணைப்பைச் சுழற்றி ஸ்டீயரிங் சக்கரத்தை நேராக்க வேண்டும். அது கோணலாக நின்றால், வண்டி திரும்புகிறது என்று நம்பிச் சறுக்கல் தடுப்புக் கருவி வேண்டாத நேரத்தில் பிரேக் போடக்கூடும்.

ஜிம்னியின் ஐந்து கதவு வகை 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு இவ்வேலைகள் இங்கும் அறிமுகமாகி வருகின்றன. எனினும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்ததால், ஸ்பிரிங் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அலைச்சலோடு குழப்பிக்கொள்ளக்கூடிய மற்றொரு கோளாறு, மேட்டில் மோதியதும் முன்பகுதி முழுவதும் பயங்கரமாக நடுங்குவது. அமெரிக்கர்கள் இதை டெத் வாபிள் என்கின்றனர். தளர்ந்த மூட்டுகளும் சமநிலை கெட்ட டயர்களும் இதைத் தூண்டுகின்றன; புதிய ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டினால் நடுக்கம் சிலகாலம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். கைதேர்ந்த மெக்கானிக்குகள் டேம்பரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாக வேகம் கூட்டிச் சோதிக்கின்றனர். அந்நிலையிலும் நடுங்காத வண்டிக்கே அதைத் திரும்ப மாட்டுகின்றனர்.