கையும் வலையும்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே அமைந்த பேரூர் கிள்ளை. வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் முகத்துவாரங்களுக்கு இடையே, ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு அங்கு விரிந்து கிடக்கிறது. படகேறிச் செல்வோர் சுரபுன்னையின் வேர்களைக் கண்டு வியப்பர். அவ்வேர்களிடையே மார்பளவு நீரில் குனிந்து நிற்கும் மனிதரைக் காண்போர் சிலரே.

அவர்கள் இருளர். வலையும் தோணியுமின்றி, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பது அவர்தம் வழிவழித் தொழில். பிடித்ததை இடும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வர். இரு கைகளும் நீருக்குள் வேலை செய்ய வேண்டுமன்றோ! சிப்பி விரலைக் கிழிக்கும். கெளிற்று முள் தைக்கும். நீரின் ஏற்றவற்றத்தையும், எந்த வேரடியில் எது ஒதுங்கும் என்பதையும் அறிந்தவர் அவர்கள். ஆயினும், வலை ஒரு வீச்சில் அள்ளுவதைக் கை நெடுநேரம் தடவியே சேர்க்க வேண்டியிருக்கிறது. அவர்களது வறுமைக்குக் காரணம் திறமின்மை அன்று, கருவியின்மையே.

கருவி வாங்க அரசின் உதவி வேண்டும். உதவி பெறச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழகத்தில் மிகவும் நலிவுற்றவையென அடையாளம் காணப்பட்ட ஆறு பழங்குடிகளுள் இருளரும் அடங்குவர். இருப்பினும், வருவாய்க் கோட்டாட்சியரிடம் சான்றிதழ் கேட்டுச் செல்வோரிடம் பெற்றோரின் சான்று கேட்கப்படுவதுண்டு. பள்ளிக்கே செல்லாத பெற்றோரிடம் அது எங்ஙனம் இருக்கும்? பழங்குடியினர் மலையில்தான் வாழ்வர் என்னும் பொதுவான எண்ணமும் கடற்கரை இருளருக்குத் தடையாயிற்று. வலையில்லாமையால் மீனவராகவும் அவர்கள் எண்ணப்படவில்லை.

மரபறிவு உரிமையோடு சேரும்போது என்ன நேரும் என்பதற்கு வடநெம்மேலி சான்று. பாம்புத்தோல் வணிகம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் நின்றுபோக, செங்கல்பட்டுப் பகுதி இருளர் பிழைப்பிழந்தனர். 1978இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, மாற்றுமருந்து செய்வோர்க்கு அது விற்கிறது. அம்மரபைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

கிள்ளையிலும் கதவு சிறிது திறந்தது. அலையாத்திக் காட்டை மீட்கும் பணிக்கு வந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், எம்.ஜி.ஆர். நகர் இருளருக்குச் சான்றிதழும் வலையும் படகும் கிடைக்கத் துணைநின்றது. படகு பழுதாகும், வலை கிழியும். சான்றிதழோ, அடுத்த தலைமுறைப் பிள்ளை கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போது, பெற்றோரின் சான்றாகவும் பயன்படும்.