விடுப்பில் இருக்கும் படைவீரருக்கு எந்தச் சட்டம்?

அமெரிக்கப் படைவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஜப்பானில் பணியில் இருப்பவர் அந்த நாட்களில் ஃபூஜி மலை ஏறலாம், ஒக்கினாவா கடலில் முக்குளிக்கலாம், வாடகைக் காரில் ஊர் சுற்றலாம். இந்த நேரம் முழுவதும் தன்னுடையது, ஏதாவது நேர்ந்தால் இரு அரசுகளின் ஒப்பந்தம் பார்த்துக்கொள்ளும் என்று இருபது வயதுக்காரர் நினைத்துவிடுவது எளிது. இரண்டுமே தவறு. 1960-இல் கையெழுத்தான படைநிலை ஒப்பந்தத்தின் 17-ஆவது பிரிவுப்படி, பணியின் பகுதியாகச் செய்த செயலுக்கும் அமெரிக்கத் தரப்புக்கு எதிராக மட்டுமே நடந்த குற்றத்துக்கும்தான் அமெரிக்காவுக்கு விசாரணையில் முன்னுரிமை. மற்றவற்றில் அது ஜப்பானுக்கு. ஆக, பணி முடிந்ததும் ஒப்பந்தத்தின் காப்பு மெலிந்துவிடுகிறது. ராணுவச் சட்டத்தின் பிடி மட்டும் தளர்வதில்லை. பணிக்குத் தொடர்பில்லாத குற்றத்தையும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

2021 மே மாதம் நடந்த விபத்து இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. குடும்பத்தோடு ஃபூஜி மலைக்குப் போய்த் திரும்பிய அமெரிக்கக் கடற்படை லெப்டினன்ட் ஒருவரின் கார், உணவகம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் பாய்ந்தது. ஜப்பானியர் இருவர் இறந்தார்கள். மலை உயரத்தால் வந்த நோயில் நினைவிழந்தேன் என்பது அவர் வாதம். தூக்கம் வந்தும் வண்டியை நிறுத்தவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்து மூன்று ஆண்டு சிறை விதித்தது. குடும்பத்தார் பெரும் இழப்பீடு கொடுத்தும் தண்டனை நின்றது, மேல்முறையீடும் தோற்றது. மது இல்லை, வம்பு இல்லை. உல்லாசப் பயணத்தின் களைப்பே போதுமானதாக இருந்தது. மது இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே ஜப்பானில் குற்றம்.

கைதானவர் நிராதரவாகிவிடுவதில்லை. குற்றச்சாட்டை முன்கூட்டியே அறியவும், தான் விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறவும், அமெரிக்கப் பிரதிநிதியோடு பேசவும் ஒப்பந்தம் உரிமை தருகிறது. வழக்கறிஞர் கட்டணத்தை ஏற்க அமெரிக்கச் சட்டமும் இடம் கொடுக்கிறது. ஆனால் ஜப்பானில் குற்றப்பத்திரிகைக்கு முன்பே ஒரு குற்றச்சாட்டுக்கு 23 நாள் வரை காவலில் வைக்கலாம். விசாரணை அறையில் வழக்கறிஞர் கூட இருக்கும் உரிமை அங்கே இல்லை. அதனால், புரியாத வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டாம் என்ற அறிவுரையைப் புறப்படும் முன்பே மனத்தில் இருத்த வேண்டும். விடுப்பு முறைப்படி பதிவாகியிருப்பதும் முக்கியம். அனுமதி பெற்ற விடுப்பில் காயம்பட்டால் அது பொதுவாகப் பணிக்காலக் காயமாகவே கருதப்படும். சொல்லாமல் போனவருக்கோ, வேண்டுமென்றே விதிமீறிக் காயம்பட்டவருக்கோ அந்தச் சலுகை பறிபோகலாம்.

இதைப் படிக்கும் ஒக்கினாவாக்காரர் சிரிக்கக்கூடும்: "காப்பு மெலிந்ததா? எங்களுக்கு அப்படித் தெரியவில்லையே!" அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1995-இல் மூன்று அமெரிக்க வீரர்கள் பணியில் இல்லாத நேரத்தில் வாடகைக் காரில் 12 வயதுச் சிறுமியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வழக்கு ஜப்பானுடையதுதான், ஆனால் சந்தேக நபர் தளத்துக்குள் இருந்தால் குற்றப்பத்திரிகை வரை காவல் அமெரிக்காவிடமே இருக்கும் என்ற விதி குறுக்கே நின்றது. மக்கள் திரண்டெழுந்த பிறகே, கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் முன்கூட்டியே ஒப்படைப்பதைப் பரிவோடு பரிசீலிக்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது. கட்டாயம் இல்லை, பரிசீலனைதான். ஒப்பந்தத்தின் பெரிய ஓட்டை இதுவே.

அப்படியானால் வீரர்களைத் தளத்துக்குள்ளேயே அடைத்துவிடலாமே என்று இன்னொரு தரப்பு கேட்கும். 2012-இல் ஒக்கினாவாவில் நடந்த பாலியல் தாக்குதலுக்குப் பின் ஜப்பான் முழுவதும் இரவு 11 மணி முதல் ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகும் குற்றங்கள் நிற்கவில்லை. ஒருசிலரின் குற்றத்துக்கு எல்லாரையும் அடைப்பதைவிட, காவல் ஒப்படைப்பைக் கட்டாயமாக்குவதும், புதிதாக வருபவருக்கு இந்தச் சட்டங்களை ஒளிக்காமல் சொல்வதும் பயன் தரும் என்பது என் கருத்து.

பாதிக்கப்பட்ட ஜப்பானியருக்கும் வழி இருக்கிறது. குற்றம் செய்தவரோ அவர் காப்பீட்டு நிறுவனமோ ஈடு கொடுக்காவிட்டால், ஜப்பானியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் மூலம் அமெரிக்க அரசிடம் கருணைத்தொகை கேட்கலாம். அது நீதிமன்றம் விதித்த தொகையைவிடக் குறைந்தால், மீதியைக் கொடுக்க முயல்வதாக 1996 முதல் ஜப்பானிய அரசு ஏற்றிருக்கிறது. கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். காவல்துறையின் விபத்துச் சான்றும் மருத்துவமனை ரசீதுகளும் அதுவரை கைவசம் இருக்கட்டும்.