டிக்கெட் கேட்காத நாடு: லக்சம்பேர்க்கில் பஸ்ஸும் ரயிலும்

லக்சம்பேர்க்கின் பரப்பளவு 2,586 சதுர கிலோ மீற்றர். எங்களுக்கு விளங்கும்படி சொல்வதானால், ஏறத்தாழ முல்லைத்தீவு மாவட்டத்தின் அளவு. பெல்ஜியம், பிரான்ஸ், ஜேர்மனி ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவில் இருக்கிறது. 2020 பெப்ரவரி 29ஆம் திகதியிலிருந்து இந்த நாட்டில் பஸ், ரயில், ட்ராம் எதிலும் கட்டணம் கிடையாது. உள்ளூர்வாசி, சுற்றுலாப் பயணி, அயல்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர் என்ற பாகுபாடும் இல்லை. ரயிலின் முதல் வகுப்புக்கும், எல்லையைத் தாண்டிச் செல்லும் தூரத்துக்கும் மட்டும்தான் காசு.

கடந்த ஆண்டு நான்கு நாட்கள் இந்த நாட்டைச் சுற்றினேன். முதலில் கவனித்தது காசு மிச்சமானதை அல்ல. பதிவு இல்லை, அட்டை இல்லை, எங்கே போகிறாய் என்ற கேள்வி இல்லை. கதவு திறக்கிறது, ஏறுகிறோம், இறங்குகிறோம். ஓமந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, அது பழகுவதற்கு ஒரு நாள் பிடித்தது.

இலவசம் எப்படிச் சாத்தியமானது?

பணக்கார நாடு என்பது பாதிப் பதில்தான். கட்டணம் வாங்கிய காலத்திலும் டிக்கெட் விற்பனையில் ஆண்டுக்குச் சுமார் 41 மில்லியன் யூரோதான் கிடைத்தது. போக்குவரத்தை நடத்தும் செலவோ 500 மில்லியன் யூரோ அளவில் இருந்தது. அதாவது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கெனவே மக்களின் வரிப்பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது.

ஆனால் டிக்கெட்டை நீக்கியதால் மட்டும் வீதிகள் காலியாகிவிடவில்லை. ஐரோப்பாவில் ஆள் எண்ணிக்கைக்கு அதிகமாகக் கார் வைத்திருக்கும் நாடுகளில் லக்சம்பேர்க்கும் ஒன்று. பிரான்ஸ், பெல்ஜியம், ஜேர்மனியிலிருந்து தினமும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கு வந்து போகிறார்கள். அவர்களில் பலர் இன்னும் காரில்தான் வருகிறார்கள். பஸ் இலவசமாக இருந்தாலும், நேரத்துக்கு வந்து அடுத்த ரயிலோடு இணையாவிட்டால் யாரும் ஏறமாட்டார்கள். அதனால்தான் அங்கே கட்டணத்தை நீக்கியதோடு நிற்காமல் பாதைகளையும் நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 2017இல் தொடங்கிய புதிய ட்ராம் பாதை 2025 மார்ச்சில் விமான நிலையத்தை எட்டியது.

எங்கே போகலாம்?

விமான நிலையத்தில் ஏறிய ட்ராம், கிர்ச்பேர்க் மேட்டில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களைக் கடந்து பழைய நகருக்குள் போகிறது. வழியில் செம்பாலத்தருகே இறங்கினால், சரிவு ரயில் ஒன்று பள்ளத்தாக்கில் உள்ள பபென்தால் பகுதிக்கு இறக்கிவிடும். அங்கிருந்து 71 மீற்றர் உயரக் கண்ணாடி மின்தூக்கி பழைய நகருக்கு மேலே ஏற்றிவிடும். இரண்டும் இலவசம்.

வடக்கே செல்லும் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிளேர்வோ என்ற சிற்றூர் வருகிறது. 1944 டிசெம்பரில் ஜேர்மன் படைகளின் பெருந்தாக்குதலின்போது இங்குள்ள கோட்டை எரிந்து போனது. திரும்பக் கட்டிய அதே கோட்டைக்குள்தான், லக்சம்பேர்க்கில் பிறந்த எட்வர்ட் ஸ்டைக்கன் தொகுத்த ‘மனிதக் குடும்பம்’ புகைப்படக் கண்காட்சி இன்று நிரந்தரமாக இருக்கிறது. 68 நாடுகளில் எடுக்கப்பட்ட 503 படங்கள்: பிறப்பு, காதல், உழைப்பு, பசி, சாவு. 2003இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தலைநகருக்குக் கிழக்கே ஹாம் என்ற இடத்தில் 5,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் கல்லறைகள் உள்ளன. தளபதி பேட்டனும் அங்கேதான் கிடக்கிறார். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சன்ட்வைலர். அங்கே 10,000க்கும் மேற்பட்ட ஜேர்மன் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1940 மே 10ஆம் திகதி இந்த நாட்டுக்குள் புகுந்து, பின்னர் அதன் இளைஞர்களையே கட்டாயமாகத் தம் படையில் சேர்த்த இராணுவம் அது. ஆனாலும் கற்சிலுவைகளில் பெயர்கள் இருக்கின்றன. புல் வெட்டப்பட்டிருக்கிறது. யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இறந்தவர்களுக்கு விளக்கேற்றவே தடையுத்தரவு வருமோ என்று பார்த்திருக்கும் ஊரிலிருந்து போன நான், அந்த இடத்தில் நினைத்ததைவிடக் கூடுதல் நேரம் நின்றேன்.

எல்லையில் ஒரு கிராமம்

தெற்கே, மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் இருக்கிறது. எங்களில் பலருக்கு அது விசாவின் பெயர். உண்மையில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு கிராமம். 1985 ஜூன் 14ஆம் திகதி, ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் இந்த ஆற்றில் நின்ற கப்பல் ஒன்றில் வைத்து, தமக்கிடையிலான எல்லைச் சோதனைகளை நீக்க உடன்பட்டார்கள். பாலத்தைக் கடந்தால் ஜேர்மனியின் பேர்ல். கொஞ்சம் தெற்கே நடந்தால் பிரான்ஸ். இரண்டு உலகப் போர்களிலும் படைகள் புகுந்த நாட்டில், இன்று மக்கள் பால் வாங்க எல்லை தாண்டுகிறார்கள்.

இதுவும் நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2024 செப்டெம்பரில் ஜேர்மனி இந்த எல்லையிலும் தற்காலிகச் சோதனைகளை மீண்டும் கொண்டுவந்தது. திறந்த வழியை யாராவது தொடர்ந்து காக்க வேண்டியிருக்கிறது.

இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகும் ஒருவருக்கு உள்ளே நுழைவதுதான் கடினம். வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம், காப்புறுதி என்று அந்தக் கிராமத்தின் பெயரிலேயே அத்தனை கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் விசா தருகிறார்கள். பிரான்ஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினரைப் பார்க்க அந்த விசாவுடன் போகிறவர்கள், இரண்டு நாட்களை லக்சம்பேர்க்குக்கு ஒதுக்கலாம். விடுதி வாடகை அதிகம் என்பதால் பலர் எல்லைக்கு அப்பால் மெட்ஸ், ட்ரியர் நகரங்களில் தங்குகிறார்கள். எல்லை வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். கடவுச்சீட்டை மறக்காமல் பையில் வைத்திருங்கள்.