பின்பாட்டுக்கு ஆள் தேவை!

'கோரஸ்' என்று சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா டூயட்தான். கதாநாயகிக்குப் பின்னால் ஒரே கலர் தாவணியில் பன்னிரண்டு பெண்கள் 'லல்லல்லா' பாடிக்கொண்டு போவார்கள். டைட்டிலில் அவர்கள் பெயர் வராது. தூரத்தில் தெரியும் பனைமரம் மாதிரி, அதுவும் ஒரு ஸீன் சாமான்.

வெள்ளைக்காரன் ஊரில் கதை வேறு. ஹாண்டல் எழுதி, 1742-ல் டப்ளின் நகரில் முதன்முதலாக அரங்கேறிய 'மெஸையா'வை இன்றைக்கும் சின்னச் சின்ன டவுன்களில் பாடுகிறார்கள். பாடுகிற கூட்டம் யார் என்று பார்த்தால் வாத்தியார், கடைக்காரர், பாங்க் குமாஸ்தா. சாயந்திரம் ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்கு ஓடி வருகிற ஜனங்கள். முன்னால் தனித்துப் பாட மட்டும் நாலு பேரை வரவழைப்பார்கள். நிகழ்ச்சி நோட்டீஸில் அந்த நாலு பேரின் போட்டோவும் பிரதாபமும் இருக்கும்.

"நம்ம பக்கம் இதெல்லாம் ஏது சார்?" என்று கேட்கிறவர்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ராதா கல்யாணத்துக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

பஜனை என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். மார்கழிக் காலையில் ஸ்பீக்கர் அலறி நம் தூக்கத்தைக் கெடுக்கிற சமாசாரம் இல்லை இது. சம்பிரதாய பஜனை என்பது ஒழுங்காக வரிசை போட்ட ஒரு முழுநீள சங்கீதம். தோடய மங்கலத்தில் ஆரம்பித்து, குரு கீர்த்தனை, ஜெயதேவரின் 24 அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம், அப்புறம் பத்ராசல ராமதாஸர், புரந்தரதாஸர், சதாசிவ பிரம்மேந்திரர், தியாகராஜர், கோபாலகிருஷ்ண பாரதி என்று போகும். ராத்திரி குத்துவிளக்கை நடுவில் வைத்துச் சுற்றி ஆடிப் பாடும் திவ்யநாமம். மறுநாள் காலை உஞ்சவிருத்தி, கல்யாணம், சாப்பாடு. சம்ஸ்கிருதம், தெலுங்கு, மராட்டி, கன்னடம், தமிழ் எல்லாம் ஒரே ராத்திரியில் வந்து போகும். பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் நாலு பாஷை தெரியாது. ஆனாலும் தப்பில்லாமல் பாடுவார்கள்.

எப்படி? முன்னால் பாகவதர் ஒரு வரி பாடுவார். கூட்டம் அதையே திருப்பிப் பாடும். அவ்வளவுதான் சூட்சுமம். பி.காம். படித்த எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. டபுள் என்ட்ரி! ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. பாகவதர் ஒரு வரி போட்டால் கோஷ்டி அதே தொகைக்குத் திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் கணக்கு டேலி ஆகாது.

சமீபத்தில் ஒரு ராதா கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த உத்தியோகம், மைக்கைப் பிடித்து முன்னணிக் கலைஞர்களை ஜனங்களுக்கு அறிமுகம் செய்து வைப்பது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்றால் மைக்கிலும் பேசுவான் என்று கமிட்டிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. பெரிய பாகவதரிடம் போய், "மாமா, உங்களைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும்" என்றேன். வெற்றிலைச் செல்லத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னைப் பத்தி என்ன இருக்கு தம்பி? நான் மொதல் வரி பாடுவேன், ரெண்டாவது வரி அவாதான் பாடணும்னு சொல்லுங்கோ. அது போதும்."

அது போதாது என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் இந்த மண்ணில் முன்னால் நின்றவர்களின் வரிசை லேசுப்பட்டதல்ல.

முதலில் புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர். பஜனைக்கு ஒரு பத்ததி, அதாவது எதற்குப் பிறகு எது என்கிற முறை, மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் காலத்திலேயே வந்துவிட்டது. 20-ம் நூற்றாண்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிலைநாட்டியதில் பெரும் பங்கு இவருக்கு. இன்றைக்கு மும்பையிலோ டெல்லியிலோ தமிழர்கள் ராதா கல்யாணம் நடத்தினால், "புதுக்கோட்டை பாணி" என்று ஒரு வார்த்தை நிச்சயம் காதில் விழும். இவருக்குப் பின் சஞ்சீவி பாகவதர் என்று அந்த வழி நீள்கிறது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு பாணி பம்பாய் மாடுங்காவில் உட்கார்ந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்?

பாகவதர் வேலையில் ஒரு கஷ்டம் இருக்கிறது. கச்சேரி வித்வானுக்குத் தன் குரலுக்கு எது சௌகரியமோ அதுதான் சுருதி. பாகவதருக்கு அப்படி முடியாது. ஐம்பது பேருடைய தொண்டைக்கும் எட்டுகிற இடத்தில் சுருதி வைக்க வேண்டும். அபாரமான சங்கதி ஒன்று மனசில் வந்தாலும், பின்னால் இருக்கிற ரிடையர்டு தாசில்தார் அதைத் திருப்பிப் பாட முடியுமா என்று பார்த்துத்தான் விட வேண்டும். நாமாவளியை நிதானமாக ஆரம்பித்து, திருப்பித் திருப்பிச் சொல்லி, காலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தும்போது ஒருத்தர்கூடப் பின்தங்கியிருக்கக் கூடாது. பஸ்ஸில் கடைசிப் படியில் தொங்குகிறவனையும் சேர்த்து ஊர் கொண்டு சேர்க்கிற டிரைவர் மாதிரி. தன் வித்தையை அடக்கிக் காட்டுவதுதான் இங்கே வித்தை. எனக்கென்னவோ இது ஒரு மணி நேரம் ராக ஆலாபனை செய்வதைவிடக் கடினமான காரியமாகத்தான் தெரிகிறது.

அடுத்து, கஞ்சிரா மான்பூண்டியா பிள்ளை.

பலாக்கட்டை வளையம், அதில் உடும்புத்தோல், ஓரத்தில் ஒரு ஜோடி காசு. கையகலச் சாமான். அந்தக் காலத்தில் இந்த மாதிரிச் சின்னப் பறைகள் பஜனையிலும் தெருப்பாட்டிலும் தாளத்துக்குத் தட்டுகிற வாத்தியமாகத்தான் இருந்தன. கச்சேரி மேடைக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனவர் 19-ம் நூற்றாண்டுப் புதுக்கோட்டைக்காரரான மான்பூண்டியா பிள்ளை. கோயிலில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். தவில்கார மாரியப்பரிடம் லயம் கற்று, அந்தக் கணக்கையெல்லாம் ஒற்றைக் கையால் வாசிக்கிற இந்தச் சின்ன வளையத்துக்குள் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கை வாசிக்க, பிடித்திருக்கிற கையின் விரல்கள் தோலை அழுத்திச் சுருதியை வளைக்கும். உட்பக்கம் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சத்தம் கனத்து இறங்கும். (1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு உடும்பைத் தொட்டால் ஜெயில். இப்போது ஆட்டுத்தோல், செயற்கைத் தோல் என்று சமாளிக்கிறார்கள். உடும்புகளுக்கு நிம்மதி.)

அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, 1875-ல் பிறந்து 1936-ல் மறைந்தவர். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சக்கரவர்த்தி. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். மேடையில் அத்தனை பக்கவாத்தியங்கள். அந்தக் கூட்டத்தின் நடுவிலும் இவருடைய கஞ்சிரா தனியாக ஒலித்திருக்கிறது. மான்பூண்டியா பிள்ளையின் இன்னொரு சிஷ்யர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. மிருதங்கத்தில் புதுக்கோட்டைப் பள்ளி என்று இன்றைக்கும் வித்வான்கள் சொல்வது இந்த வம்சத்தைத்தான்.

தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் படித்த ஒருவரைச் சொல்லாமல் விட்டால் அறிமுகம் அரைகுறை. டவுனை ஒட்டியிருக்கும் திருக்கோகர்ணத்தில் 1910-ல் பிறந்த ரங்கநாயகி அம்மாள். மிருதங்கம் ஆண்பிள்ளை வாத்தியம் என்று எல்லோரும் தீர்மானித்திருந்த காலத்தில், பெண்ணாகப் பிறந்து மேடையில் மிருதங்கம் வாசித்தவர். சில வித்வான்கள் பெண்களுக்குப் பக்கம் வாசிக்கவே மாட்டேன் என்று இருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரு பெண்ணே பக்கவாத்தியமாக வந்து உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும்! திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கோயிலாகக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளே, ஆராதனையில் பெண்கள் பாடுவதற்குப் போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் விளங்கும். இன்றைக்கு அங்கே பஞ்சரத்னம் பாடும்போது பிரபல வித்வான்களும் வித்வாம்சினிகளும் தனித்துத் தெரியாமல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருநாளாவது சோலோக்காரர்கள் எல்லோரும் கோரஸ் ஆகிவிடுகிறார்கள்.

இவ்வளவையும் நான் மைக்கில் சொல்லி முடித்தபோது கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. அப்புறம் பாகவதர் முதல் வரியைப் பாடினார்.

திருப்பிப் பாடியது யார் தெரியுமா? அவரே கையோடு கூட்டிவந்திருந்த சிஷ்யர்கள் ஆறு பேர். கூடத்தில் இருந்த எண்பது சொச்சம் பேர் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நாலு செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தன. அஷ்டபதி அஷ்டபதியாகப் போகப் போக, சத்தம் மேடையிலிருந்து கீழே வந்ததே தவிர, கீழேயிருந்து மேடைக்குப் போகவில்லை.

இடைவேளையில் காபி டம்ளரோடு பாகவதரே ஆரம்பித்தார்.

"ஜமக்காளத்துல உட்கார்ந்திருந்த வரைக்கும் எல்லாரும் பாடினா தம்பி. நாற்காலி போட்டா, ஆடியன்ஸ் ஆயிட்டா. சப்ளாக் கட்டையைக் கையில குடுத்தாக்கூட பக்கத்து நாற்காலில வெச்சுட்டு கேக்கறா."

"மைக்கும் ஒரு காரணமோ மாமா?"

"பின்னே? ஆறு பேருக்கு மைக் குடுத்தா அறுபது பேர் வாயை மூடிண்டுடறா. நம்ம குரல் எங்கே கேக்கப் போறதுன்னு."

நாற்காலியை எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் சொல்லிப் பார்த்தேன். முழங்கால் வலிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் முழங்கால் வலிக்கும் வாய் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இன்னொரு குறையையும் மறைப்பதற்கில்லை. இந்தச் சங்கீதம் ரொம்ப காலம் அக்ரஹாரத்துக் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்டவர்களை உள்ளே வந்து பாடச் சொல்லி யாரும் அதிகம் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. இப்போது ஆள் குறைகிறது என்று அங்கலாய்க்கும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். டவுனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை இருக்கிறது. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால், குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏழு ராகங்களுக்கு ஸ்வரம் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாலு நாலு ஸ்வரமாக, வரி வரியாக, அழகான எழுத்தில். மாணவர்களின் நன்மைக்காக ஒரு ராஜா செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. மகேந்திரவர்ம பல்லவன்தான் அந்த ராஜா என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். இப்போது அதில் அறிஞர்களுக்குள் சண்டை. ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக மழையிலும் வெயிலிலும் காத்து வைத்திருக்கிறது கல். ஆனால் அதை அன்றைக்குப் பாடின மாதிரியே பாட இன்று ஆள் இல்லை. அந்த 'ரி'யும் 'ரு'வும் 'ரெ'யும் எதைக் குறிக்கின்றன என்பதிலேயே ஆளுக்கொரு அபிப்பிராயம். சொல்லிக்கொடுத்தவர் வாயிலிருந்து கேட்டவர் வாய்க்குப் போகிற சங்கிலி எங்கோ நடுவில் விட்டுப்போய்விட்டது.

சதாசிவ பிரம்மேந்திரர் கதையோ நேர் எதிர். 18-ம் நூற்றாண்டில் திருவரங்குளம் காட்டுப்பக்கம் திரிந்த மௌன சாமியார். விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு மணலில் எழுதி உபதேசம் செய்தார் என்றும், அந்த மணலை ராஜா அள்ளிக்கொண்டு போய்ப் பூஜையில் வைத்தார் என்றும் சமஸ்தானத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். எழுதினது மணலில். பேசாத மனிதர் வேறு. ஆனால் அவர் பாட்டு பஜனைதோறும் இன்றைக்கும் கேட்கிறது. ஆளாளுக்குத் திருப்பிப் பாடிப் பாடியே வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாமே இருட்டாக இல்லை. அருணகிரிநாதர் பாடிய விராலிமலையும் நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது! திருப்புகழைக் கூட்டமாகப் பாட 1950-களில் டெல்லியில் ஒரு வழி செய்தவர் ஏ.எஸ்.ராகவன் என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர். நம்மைப் போல ஃபைல் தள்ளிக்கொண்டிருந்தவர்தான். ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் ராகம் தாளம் அமைத்து, சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராக அன்பர்களைச் சேர்த்தார். அந்தக் கூட்டத்தில் சோலோவே கிடையாது. எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாகப் பாடுகிறார்கள். குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே, ஆபீஸ் நண்பர்களே, அடுத்த தடவை ராதா கல்யாண நோட்டீஸ் கண்ணில் பட்டால் சும்மா போய்ப் பாருங்கள். அநேகமாகச் சனி, ஞாயிறில்தான் வைக்கிறார்கள். லீவ் லெட்டர் வேண்டாம். நாற்காலிப் பக்கம் போகாதீர்கள். ஹார்மோனியத்துக்குப் பின்னால், ஜமக்காளத்தில் மூன்றாவது வரிசை உத்தமம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பாகவதர் உங்கள் வாயையே பார்ப்பார். மூன்றாவதில் தப்பு விட்டாலும் பக்கத்து ஆள் தலையில் போட்டுவிடலாம். பாஷை தெரியாதே என்று தயங்காதீர்கள். காதில் விழுந்ததை அப்படியே திருப்பினால் போதும். பத்தாவது தடவையில் நாமாவளி தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு மத்தியானம் கல்யாணச் சாப்பாடு. பாடாதவர்களுக்கும் போடுகிறார்கள்தான். ஆனால் ராத்திரி ஒரு மணி வரை விளக்கைச் சுற்றி ஆடிப் பாடினவர்களுக்குத்தான் அந்தப் பாயசம் ரெண்டாவது தடவை கேட்கக் கூச்சமில்லாமல் வரும்.