காலி நகரத்துக் கல்

புத்தகப் பையில் அட்லஸ் இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. 1990களில் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்தாள். இலங்கையில் நடந்த போருக்குப் பயந்து, படகேறித் தமிழகம் வந்து, எங்கள் மாவட்டத்து அகதிகள் முகாமில் தங்கியிருந்த குடும்பம். பாடம் புரியவில்லை என்றால், 'விளங்கேல்லை சேர்' என்பாள். வகுப்பே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், மறைப்பானேன்?

ஒரு நாள் வரைபடத் தேர்வு. நான்கு ஊர்களைக் குறிக்கச் சொன்னேன். சரியாகக் குறித்தவள், கீழே கடலில் நம்ம ஊர் மாங்காய் போலத் தொங்கும் தீவிலும் ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

'இது என்னம்மா?'

'எங்கட ஊர் சேர். மன்னார்.'

'கேட்டதை மட்டும் குறி' என்று சொல்லி, சிவப்பு மையால் அந்தப் புள்ளியை அடித்து விட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. அந்த நாட்டைப் பற்றி எனக்கே என்ன தெரியும்? அதன் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு கல்!

1911ம் ஆண்டு. இலங்கையின் தென்கோடியில் காலி என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு சாக்கடைப் பாலத்தை மூடியிருந்த பலகைக் கல்லைப் புரட்டிய போது, அடிப்பக்கம் முழுவதும் எழுத்துகள். அதுவும் ஒரு மொழியில் அல்ல. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில்!

அதை வெட்டுவித்தவர் செங் ஹே. சீனப் பேரரசரின் கப்பற்படைத் தலைவர். பெரிய பெரிய மரக்கப்பல்களில் பல்லாயிரம் ஆட்களோடு ஆப்பிரிக்கா வரை போய் வந்தவர். 1409ம் ஆண்டு தேதியிட்டு, சீனாவிலேயே வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்த கல் அது.

என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி, தெனாவரை நாயனார் என்ற திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதுதான் வேடிக்கை. யாருக்கும் குறை வைக்கவில்லை!

உடனே செங் ஹேயைப் பெரிய சாது என்று நினைத்து விடாதீர்கள். அதே இலங்கையில் சண்டை போட்டு, அங்கிருந்த ஆட்சியாளரையே சீனாவுக்குப் பிடித்துக் கொண்டு போனவர் அவர். ஆனாலும், வியாபாரத்துக்கு வந்த இடத்தில் எந்தெந்த மக்கள் இருக்கின்றனர், எந்தெந்த மொழியில் பேசினால் எல்லாருக்கும் புரியும் என்று யோசித்திருக்கிறார், பாருங்கள்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழிகள் காதில் விழும். பூக்காரம்மா நான்கிலும் விலை சொல்வார். அதே ஊரில் ஒரு நாள் காலை, 'இனி எல்லா அரசாங்கக் காரியமும் ஒரே மொழியில்தான்' என்று சொன்னால் எப்படியிருக்கும்? மணியார்டர் படிவத்தைக் கூட நிரப்ப முடியாமல் எத்தனை பேர் விழிப்பர்?

இலங்கையில் அப்படித்தான் நடந்தது. 1948ல் விடுதலை பெற்ற நாடு, 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டது. தமிழர்கள் எதிர்த்தனர். கலவரங்கள் வெடித்தன. 1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்களும், திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகளும், கடைகளும் தீக்கிரையாயின, ஏராளமானோர் கொல்லப்பட்டனர். அதன் பின் போர். 1987ல் அரசியல் சட்டத்தைத் திருத்தித் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கினர். ஆனால், அதற்குள் துப்பாக்கிகள் பேசத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. 1990ல் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம்களை, விடுதலைப் புலிகள் விரட்டினர். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகளை விட்டு, கையில் கிடைத்ததோடு அவர்கள் வெளியேறினர். அவர்கள் பேசியதும் தமிழ்தான்.

இப்போது மறுபடியும் காலி நகரத்துக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். அன்று பௌர்ணமி, பௌத்தர்களுக்குப் புனிதமான போயா நாள். காலையில் சுனாமி வந்தது. நம் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே சுனாமிதான். காலியில் பேருந்து நிலையத்தையும், கிரிக்கெட் மைதானத்தையும் கடல் விழுங்கியது. பக்கத்திலேயே போர்த்துக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர் பெரிதாகக் கட்டிய கோட்டையின் தடித்த மதில்கள் தண்ணீரைத் தடுத்து, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றின. இலங்கை முழுவதும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தெற்கே சிங்களர், கிழக்கே தமிழரும் முஸ்லிம்களும். அலை யாரையும் பெயர் கேட்கவில்லை.

முதல் சில நாட்கள் மனிதர்களும் கேட்கவில்லை. விகாரை, கோவில், சர்ச், மசூதி எல்லாம் கதவைத் திறந்து வைத்தன. யார் வந்தாலும் சோறும், பாயும் கிடைத்தது. 'இனி சண்டை ஓய்ந்து விடும்' என்றே பலரும் நினைத்தனர். நானும் நினைத்தேன்.

ஓயவில்லை, குழந்தைகளே. நிவாரண உதவியைச் சேர்ந்து பங்கிடுவோம் என்று 2005 ஜூனில், அரசும் புலிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதற்கு எதிர்ப்பு கிளம்பியது. 'எங்களைக் கேட்காமலா?' என்று முஸ்லிம்களும் வருந்தினர். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. 2006ல் மறுபடி போர் மூண்டது. பல்லாயிரம் பேரை விழுங்கிய பின், 2009 மே மாதம்தான் முடிந்தது.

இதே சுனாமி, இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியையும் அழித்தது. அங்கேயும் சுமார் 30 ஆண்டுச் சண்டை. ஆனால், அங்கே இரு தரப்பும் 2005 ஆகஸ்ட் 15ல் ஒப்பந்தம் செய்து, ஆயுதங்களைக் கீழே வைத்தனர். ஒரே அலை, ஒரு தீவில் சமாதானம், இன்னொரு தீவில் போர். ஏன் என்று உங்கள் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் ஒரு நாள் யோசிக்க வேலை இருக்கட்டும்!

காலி மைதானம் பிறகு என்ன ஆனது? சேற்றை அள்ளி, திரும்பக் கட்டி, 2007 டிசம்பரில் மறுபடி டெஸ்ட் ஆட்டம் நடத்தினர். 2010 ஜூலை 22ல் அதே மைதானத்தில் நம் இந்திய அணிக்கு எதிராக, முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்டை ஆடினார். கண்டிப் பக்கத்துத் தமிழர். கைவசம் 799 விக்கெட். நம் ஆட்டக்காரர் ஓஜா தொட்ட பந்தை ஸ்லிப்பில் நின்ற மகேல ஜெயவர்தன பிடித்தார். அவர் சிங்களர். மைதானமே ஆடியது. உலகிலேயே 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த ஒரே பந்து வீச்சாளர் முரளிதரன்தான்.

அதற்காக எல்லாம் சரியாகி விட்டது என்று சொல்ல மாட்டேன். போரில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தை வைத்துக் கொண்டு, தாய்மார்கள் இன்னும் தெருவில் உட்கார்ந்திருக்கின்றனர். நம் தமிழகத்து முகாம்களுக்கு, 2021ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. ஆனால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர், எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல முடியாமல் இருக்கின்றனர்.

அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சரி, அட்லஸைத் திறங்கள். தீவின் அடியில் தேடினால் காலி கிடைக்கும். அப்படியே இடது கரையோரமாக விரலை மேலே நகர்த்துங்கள். கொழும்பு, புத்தளம்... இன்னும் மேலே, ராமேஸ்வரத்துக்கு எதிரே வந்து விட்டீர்களா? அதுதான் மன்னார். பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.