மருந்துச் சீட்டில் தொலையும் தூக்கம்

மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்கு எதிரே 1-0-1 என்று எழுதியிருக்கும். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, தூக்க மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் அதற்கு முன் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். பலருக்குத் தூக்கம் தொலைந்த இடம் அதுதான்.

ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் எனப் பலவற்றுக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோனை எடுத்துக்கொள்வோம். நம் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனை விடியற்காலையில் அதிகமாகவும் நள்ளிரவையொட்டி மிகக் குறைவாகவும் சுரக்கின்றன. பிரெட்னிசோலோன் அந்தக் கார்டிசாலின் வேலையைச் செய்யும் மருந்து. இரவு எட்டு மணிக்கு அதை விழுங்கினால், உடம்பு அடங்க வேண்டிய நேரத்தில் விழித்துக்கொள்கிறது. காலை உணவுக்குப் பிறகு சாப்பிடும்படி மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீர் மாத்திரையின் கதை இன்னும் எளிது. இதய நோயாளிகளுக்குத் தரும் ஃபுரூசமைடு சுமார் ஆறு மணி நேரம் வேலை செய்யும். இரண்டு வேளை என்றால் இரண்டாவதைப் பிற்பகலிலேயே முடித்துவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால், நள்ளிரவு தாண்டியும் சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். இருட்டில் கழிப்பறைக்கு நடந்து வழுக்கி விழும் முதியவர்களை நினைத்தால், இது தூக்கம் கெடுவதோடு நிற்கிற விஷயமாகத் தெரியவில்லை.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் அட்டெனலால், மெட்டோப்ரொலால், புரோப்ரனலால் ஆகிய பீட்டா தடுப்பான்கள் வேறு வழியில் தூக்கத்தைத் தொடுகின்றன. இருட்டியதும் மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பிக்கு நரம்புகள் வழியாகத் தூண்டல் போகிறது. அதை வாங்கிக்கொள்பவை பீட்டா ஏற்பிகள். அதன் பிறகே மெலடோனின் சுரந்து, இரவு வந்துவிட்டதை உடம்புக்கு உணர்த்துகிறது. இதயத்தைச் சாந்தப்படுத்த நாம் அடைக்கும் ஏற்பிகளும் இதே இனம்தான். ஆகவே மெலடோனினும் குறைகிறது. 2012இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், இவற்றில் அட்டெனலால் அல்லது மெட்டோப்ரொலால் சாப்பிட்டுவந்த 16 ரத்த அழுத்த நோயாளிகளைச் சோதித்தார்கள். மூன்று வாரம் தினமும் இரவில் 2.5 மில்லிகிராம் மெலடோனின் எடுத்துக்கொண்டவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சுமார் 36 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் தூக்கம் கெடுவதற்கு மெலடோனின் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று காட்டுகிறது.

மூச்சிரைப்புக்கான தியோஃபிலின், காபியில் உள்ள காஃபீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. சில தலைவலி மாத்திரைகளில் காஃபீனே இருக்கிறது. மூக்கடைப்பு நீக்கும் சில ஜலதோஷ மாத்திரைகளும் இதயத்தைப் படபடக்க வைத்து விழிக்கச் செய்யும். மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்ஸெடினும் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதால், மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் காலையில் சாப்பிடச் சொல்வார்கள்.

இனி, தூக்கத்தைக் கெடுக்கும் நோய்கள். இவற்றில் நம் வீடுகளில் அதிகம் கண்டுகொள்ளப்படாதது கால் குடைச்சல். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல இருக்கும், அசைத்தால் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். 1945இல் ஸ்வீடனின் கார்ல்-ஆக்செல் எக்போம் இதை விரிவாக ஆராய்ந்து தனி நோயாக நிறுவினார். மூளையில் இரும்புச் சத்து குறைந்து, டோபமின் என்ற வேதிப்பொருளின் செயல்பாடு தடுமாறுவது இதன் முக்கியக் காரணம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அப்படியிருந்தும், நாளெல்லாம் நின்று வேலை செய்த அலுப்பு என்று சொல்லி அம்மாக்களின் கால் குடைச்சலைத் தள்ளிவிடுகிறோம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். ஃபெரிட்டின் பரிசோதனையில்தான் அது தெரியும். தூக்கம் வரட்டும் என்று அவில் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டால் குடைச்சல் கூடவும் செய்யும்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இரவில் பலமுறை சிறுநீர் வரும், பாதம் எரியும். தைராய்டு அதிகம் சுரந்தாலும், தைராக்ஸின் மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் படபடப்பில் தூக்கம் பிடிக்காது. தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறவர்கள் இதயத்தை உடனே பரிசோதிக்க வேண்டும். அது இதயம் பலவீனமடைவதன் அடையாளமாக இருக்கலாம். உரக்கக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திணறி விழிக்கிறவர்களுக்கு இருப்பது உறக்க மூச்சுத்தடை. தூக்க மாத்திரை இவர்களுக்கு ஆபத்தைக் கூட்டக்கூடும்.

தூக்கத்துக்காகச் சாப்பிடும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தொடர்ந்து சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால், முன்பிருந்ததைவிட மோசமாகத் தூக்கம் கெடும். காரணம் தெரியாமல் இதைத் தொடங்குவது ஒரு மருந்தின் தொல்லைக்கு இன்னொரு மருந்தைச் சேர்ப்பதாகவே பெரும்பாலும் முடிகிறது.

அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா தடுப்பானைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கடையில் நீங்களே வாங்கிய தலைவலி, சளி மாத்திரைகள் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, ராத்திரி தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.